‘கருத்து சொல்லுங்க’ என்கிறது அரசு... சொன்ன கருத்து எங்கே போகிறது?

2025 மே மாதத்தின் பின்பாதி. தமிழ்நாட்டின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நகைக்கடனுக்கு 9 புதிய விதிகள்’ என்ற செய்தி ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருந்தது. ரசீது இல்லாத நகைக்குக் கடன் கிடையாது, நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தர மாட்டார்கள், ஒரு கிலோவுக்கு மேல் அடகு வைக்க முடியாது என்று பட்டியல் நீண்டது.

“தம்பி, இனிமே பில்லு இல்லாம நகையை வாங்க மாட்டீங்களாமே?” என்று வங்கி கவுன்ட்டரில் கேட்டால், “எங்களுக்கு இன்னும் சர்க்குலர் வரலம்மா” என்பதுதான் பதில். அம்மா கழுத்தில் இருக்கும் கல்யாணச் சங்கிலிக்கு எந்த வீட்டில் ரசீது இருக்கிறது? பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரம் வேறு. பதற்றம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால், அந்த ஃபார்வர்டில் ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. அது விதியே அல்ல, வரைவு. ரிசர்வ் வங்கி ஏப்ரல் 9-ம் தேதி அதை வெளியிட்டு, கருத்து சொல்ல மே 12 வரை அவகாசம் தந்திருந்தது. ரசீது விஷயத்திலும் வரைவு சொன்னது வேறு. ரசீது இல்லை என்றால், நகை யாருடையது என்பது எப்படி உறுதி செய்யப்பட்டது என விளக்கும் உறுதிமொழியோ ஆவணமோ போதும் என்றுதான் அதில் இருந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் சத்தம் பெரிதானபோது, கருத்து சொல்லும் அவகாசம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதாவது, சொல்ல வேண்டிய நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு விஷயமே தெரியாது. தெரிந்த நேரத்தில் சொல்வதற்கு இடம் இல்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். விவசாய சங்கங்கள் எதிர்த்தன. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் குரல் கொடுத்தன. முதல்வர் மு.க.ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30-ம் தேதி, ரூ.2 லட்சத்துக்குக் கீழ் கடன் வாங்குபவர்களுக்கு விலக்கு தரலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்தது. ஜூன் 6-ம் தேதி இறுதி உத்தரவு வந்தபோது, ரூ.2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று மாறியிருந்தது. ரூ.5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் நகைக்கு 75 ஆயிரமா, 85 ஆயிரமா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

நல்ல முடிவுதான். ஆனால், அது எப்படி வந்தது? கருத்துப் பெட்டி வழியாக வந்ததா, கடிதமும் போராட்டமும் டெல்லி வரை போனதால் வந்ததா? வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவதுதான். நகைக்கடன் போல தெருவுக்கு வராத எத்தனையோ விதிகள் இருக்கின்றன. மொபைல் ஆப், பிஎஃப், சம்பளம், ஊருக்குப் பக்கத்தில் வரும் குவாரி என நேரடியாக வாழ்க்கையைத் தொடுபவை. அவற்றின் வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

வரைவு என்றால் என்ன?

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்போது, கொள்கை மட்டும் அதில் இருக்கும். ‘மத்திய அரசு வகுக்கும் விதிகளின்படி’ என்று பல இடங்களில் எழுதிவிட்டு, விவரத்தை அமைச்சகத்திடமோ ஒழுங்குமுறை அமைப்பிடமோ விட்டுவிடுவார்கள். எவ்வளவு அபராதம், எத்தனை நாள் அவகாசம், யாருக்கு விலக்கு என்பதெல்லாம் விதியில்தான் வரும். மக்கள் தினசரி மோதுவது பெரும்பாலும் சட்டத்தோடு அல்ல, இந்த விதிகளோடுதான்.

மூலச் சட்டமே ‘முன்கூட்டியே வெளியிட்டுத்தான் விதி செய்ய வேண்டும்’ என்று சொல்லியிருந்தால், 1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 23-வது பிரிவு பொருந்தும். வரைவை வெளியிட வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு அது பரிசீலிக்கப்படும் என்று சொல்ல வேண்டும். வரும் ஆட்சேபனைகளைப் பரிசீலிக்க வேண்டும். அவ்வளவுதான். பரிசீலித்ததை வெளியே காட்ட வேண்டும் என்று அதில் இல்லை. கூடவே ஒரு வரி இருக்கிறது: முன்வெளியீட்டுக்குப் பின் செய்யப்பட்டதாகச் சொல்லி ஒரு விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படிதான் செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான ஆதாரம். பிரிட்டிஷ் காலத்து வரி. இன்றும் அப்படியே இருக்கிறது.

2014-ல் மத்திய அரசு இதைக் கொஞ்சம் திறக்க முயன்றது. அந்த ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி, சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை எல்லா அமைச்சகங்களுக்கும் அனுப்பப்பட்டது. வரைவு குறைந்தது 30 நாள் பொதுவெளியில் இருக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று அது சொல்கிறது. மசோதாக்களுக்கு மட்டுமல்ல, விதிகளுக்கும் இது உண்டு. படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சட்டம் இல்லை, கொள்கை. பின்பற்றாவிட்டால் தண்டனையும் கிடையாது, விதி ரத்தாகவும் ஆகாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைவிட வலுவான இடம் இருக்கிறது. பிரிவு 4(1)(சி): மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போது, அது தொடர்பான எல்லா உண்மைகளையும் அரசே வெளியிட வேண்டும். 4(1)(டி): எடுத்த முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுபவருக்குச் சொல்ல வேண்டும். யாரும் மனு போடத் தேவையில்லை. தானாகவே செய்ய வேண்டிய கடமை இது. 2005-ல் இருந்து சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

6,915 கருத்துகள்

மொபைலில் ஆப் வைத்திருக்கும் எல்லோரையும் தொடும் உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் வந்தது. அதற்கான வரைவு விதிகள் 2025 ஜனவரி 3-ம் தேதி வெளியாகின. கருத்து சொல்ல முதலில் பிப்ரவரி 18 வரையும், பிறகு மார்ச் 5 வரையும் அவகாசம். சென்னை உட்பட ஏழு நகரங்களில் கலந்தாலோசனைக் கூட்டங்கள் நடந்தன. நவம்பர் 14-ம் தேதி இறுதி விதிகளை வெளியிட்டபோது, மொத்தம் 6,915 கருத்துகள் வந்ததாக அரசு சொன்னது.

எண்ணிக்கை தெரியும். உள்ளே இருந்தது தெரியாது. கருத்துகளைக் கேட்ட அறிவிப்பிலேயே, வரும் கருத்துகள் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் வைக்கப்படும், யாருக்கும் எந்தக் கட்டத்திலும் வெளியிடப்படாது என்று அமைச்சகம் சொல்லிவிட்டது. மக்கள் தயக்கமில்லாமல் பேசட்டும் என்பதுதான் காரணமாம்.

‘நம்பிக்கைக்குரிய பொறுப்பு’ என்ற சொல் சும்மா வந்துவிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(இ) பிரிவு, அப்படிப்பட்ட உறவில் கிடைத்த தகவலை, பெரிய அளவில் பொதுநலன் இருந்தால் தவிர, வெளியிட வேண்டாம் என்கிறது. டாக்டரிடம் நோயாளி சொன்னது, வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னது போன்றவற்றுக்கான பாதுகாப்பு அது. ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் தன் வியாபாரத்துக்கு வசதியாக விதியை மாற்றச் சொல்லி அரசுக்கு எழுதும் கடிதமும் அதே வகையா? வங்கிகள் பற்றிய தகவலைத் தர மறுத்து இதே வாதத்தை ரிசர்வ் வங்கி வைத்தபோது, 2015 டிசம்பர் 16-ம் தேதி ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கிகளோடு ரிசர்வ் வங்கிக்கு அப்படி ஓர் உறவு இல்லை. அதன் கடமை பொதுமக்களுக்குத்தான் என்றது தீர்ப்பு.

இறுதி விதிகளில் இன்னொரு விஷயமும் இருந்தது. 8(3)-வது விதியின்படி, தரவைக் கையாளும் நிறுவனங்கள் தனிநபர் தரவையும் அது தொடர்பான பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அரசு சில நோக்கங்களுக்காகக் கேட்கலாம் என்பதற்காக. ஜனவரி வரைவில் இந்த வடிவில் இப்படி ஓர் உட்பிரிவு கிடையாது. ஒரு ஆப்பில் இருந்து வெளியேறியவர், ‘என் தரவை அழித்துவிட்டார்கள்’ என்று நினைத்துக்கொண்டிருக்க, அது ஓராண்டு அங்கேயே இருக்கும். இந்த வரியைச் சேர்க்கச் சொன்னது யார்? 6,915-ல் யாராவது கேட்டார்களா, அமைச்சகமே சேர்த்ததா? கருத்துகள் பூட்டி வைக்கப்பட்டிருப்பதால் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. வரைவில் இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் கருத்து சொல்லியிருக்கவும் முடியாது.

இதே அமைச்சகம் முன்பு வேறு மாதிரி நடந்துகொண்டது என்பதுதான் வேடிக்கை. 2018 டிசம்பரில், சமூக வலைதளங்களுக்கான ஐடி விதிகளைத் திருத்த ஒரு வரைவு வெளியானது. வந்த 171 கருத்துகளையும், யார் அனுப்பினார்கள் என்ற விவரத்தோடு 2019 பிப்ரவரியில் இணையதளத்தில் போட்டார்கள். ‘இவற்றைப் படித்துவிட்டு எதிர்க்கருத்து இருந்தால் சொல்லுங்கள்’ என்று இரண்டாவது முறையும் அவகாசம் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்கள் ஒன்றும் பயந்து ஓடிவிடவில்லை.

ஆனால் அந்தக் கதையும் நன்றாக முடியவில்லை. 2021 பிப்ரவரி 25-ம் தேதி இறுதி விதிகள் வந்தபோது, இணையச் செய்தித் தளங்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் ஒரு முழுப் பகுதியே புதிதாகச் சேர்ந்திருந்தது. 2018 வரைவில் அவை பற்றிய பேச்சே இல்லை. விவகாரம் நீதிமன்றம் போனது. பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கமும் தொடர்ந்த வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அந்தப் பகுதியின் முக்கிய உட்பிரிவுகள் மீது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

எந்த மொழியில் கேட்கிறார்கள்?

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் அழகான பிரிவு உண்டு. ஒருவரின் சம்மதத்தைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்க நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். ஆனால், அந்தச் சட்டத்தின் விதிகளே அரசிதழில் வந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். கம்பெனிக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம்.

இந்தச் சண்டை பழையது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020 நினைவிருக்கலாம். மார்ச் 23 தேதியிட்டு, ஊரடங்கின் நடுவில் ஏப்ரல் 11-ம் தேதி அரசிதழில் வந்தது. அணை, சுரங்கம், சாலை, தொழிற்சாலை என எந்தத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை மாற்றி எழுதும் ஆவணம். அதைப் படிக்க வேண்டியவர் மீனவர், விவசாயி, பழங்குடி கிராமத்தவர். வந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும். கடைகூடத் திறக்காத நாட்களில், மின்னஞ்சலில் கருத்து அனுப்பச் சொன்னார்கள்.

டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-ம் தேதி அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் 10 நாளில் மொழிபெயர்த்து வெளியிடவும் உத்தரவிட்டது. மத்திய அரசு செய்யவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டப்படி இந்தி, ஆங்கிலம் போதும் என்பது அரசின் வாதம். ஆகஸ்ட் 13-ம் தேதி விசாரித்த அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ.போப்டே, உள்ளூர் மொழி மட்டுமே தெரிந்த கிராம மக்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று கேட்டார். உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிடாமல், அங்கேயே மறுஆய்வு கேட்கச் சொன்னது அமர்வு. அதற்குள் கருத்து சொல்லும் அவகாசம் முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. சூழலியல் அமைப்புகளும் தன்னார்வலர்களும் இரவு பகலாக உட்கார்ந்து மொழிபெயர்த்ததுதான் பலர் படித்த வடிவம்.

லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை. ‘ஜெயித்துவிட்டோம்’ என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அதே துறையில் மாற்றங்கள் நிற்கவில்லை. வேறு வழியில் வந்தன.

வரைவே இல்லாத வழி

அந்த வழியின் பெயர் அலுவலகக் குறிப்பாணை. அமைச்சகம் தன் இணையதளத்தில் போடும் இரண்டு மூன்று பக்கக் கடிதம். வரைவு கிடையாது, அவகாசம் கிடையாது, கருத்துக்கேட்பு கிடையாது. 2025 செப்டம்பர் 8-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஒரு குறிப்பாணை, அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பில் இருந்து விலக்கு தந்தது. கன்னியாகுமரி கடற்கரை மணலில் உள்ள கனிமங்களை எடுக்கும் திட்டத்துக்கு மீனவ கிராமங்களில் ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கும் சமயம். அதைத் திரும்பப் பெறக் கோரி தமிழ்நாடு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம் என்ற முடிவை, மக்களிடம் கருத்துக் கேட்காமலே எடுத்தார்கள் என்பதுதான் இங்கே பிரச்சினை.

இன்னொரு குறுக்குவழி ‘பொதுநலன்’. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய அறிவிக்கைகளுக்கு ஆட்சேபனை தெரிவிக்க 60 நாள் தர வேண்டும். பொதுநலன் கருதினால் அதைத் தவிர்க்கலாம் என்றும் ஓர் உட்பிரிவு இருக்கிறது. 2020 மார்ச் 28-ம் தேதி, ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், அதைப் பயன்படுத்தி ஓர் அறிவிக்கை வந்தது. சாலை, குழாய்ப் பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் அள்ள, சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது.

நாலு வருடம் கழித்து, 2024 மார்ச் 21-ம் தேதி, நோபிள் எம்.பைகடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. 60 நாள் அவகாசத்தைத் தவிர்க்க என்ன பொதுநலன் என்பதற்கு அறிவிக்கையில் காரணமே இல்லை என்றார்கள் நீதிபதிகள் அபய் எஸ்.ஓகாவும் சஞ்சய் கரோலும். நாடே முடங்கியிருந்தபோது, சாலைத் திட்டத்துக்கு மண் அள்ளுவதில் அப்படி என்ன அவசரம் என்ற கேள்வியும் எழுந்தது. தீர்ப்பு நல்லது. ஆனால் இடைப்பட்ட நாலு வருடத்தில் அள்ளிய மண் திரும்பி வராது.

வாட்டர்மார்க் போட்ட வரைவு

யூடியூப் சேனல் நடத்துபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 நவம்பர் 10-ம் தேதி பொதுவெளியில் வைத்தது. அதுவரை சரி. 2024 ஜூலையில் திருத்திய வடிவம் ஒன்று தயாரானது. நடப்புச் செய்திகளை அலசும் தனிநபர் சேனல்களையும் அதன் வரம்பில் கொண்டுவரும் அம்சங்கள் இருப்பதாகச் செய்திகள் வந்தன. ஆனால் இந்த முறை அது இணையதளத்தில் வரவில்லை. தேர்ந்தெடுத்த சில தரப்பினருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனி வாட்டர்மார்க்; கசிந்தால் யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க.

எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 12-ம் தேதி அமைச்சகம் எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு போட்டது. 2023 வரைவுக்குக் கருத்து சொல்லும் அவகாசம் அக்டோபர் 15 வரை நீட்டிக்கப்படுகிறது, விரிவான ஆலோசனைக்குப் பிறகு புதிய வரைவு வரும் என்றது. கொடுத்த பிரதிகளைத் திருப்பித் தரச் சொன்னதாகவும் செய்திகள் வந்தன. லட்சக்கணக்கான பேரின் பிழைப்பைத் தொடக்கூடிய ஆவணத்தை, கேள்வித்தாள் மாதிரி எண்ணி வாங்கியிருக்கிறார்கள்.

முடியாதா என்ன?

அரசுத் தரப்பு வாதங்களில் கொஞ்சம் நியாயம் உண்டு. பாதி வெந்த வரைவை வெளியிட்டால் சந்தையில் வதந்தி பரவும். நகைக்கடன் விஷயத்திலேயே பார்த்தோம். ஒரே டெம்ப்ளேட்டில் ஆயிரக்கணக்கில் வரும் மின்னஞ்சல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியாது. தனிநபர் ஒருவர் பெயர் வெளியாவதை விரும்பாமல் இருக்கலாம். 2015-ல் இணையச் சமநிலை பற்றிக் கருத்துக் கேட்ட டிராய், குவிந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரியோடு அப்படியே இணையத்தில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. ஸ்பேம் அனுப்புபவர்களுக்கு ரெடிமேட் பட்டியல்!

ஆனாலும் அதே டிராய்தான் இந்தியாவில் இதை ஓரளவு ஒழுங்காகச் செய்யும் அமைப்பு. காரணம், வெளிப்படைத்தன்மையை அதன் சட்டமே, பிரிவு 11(4)-ல், கட்டாயமாக்குகிறது. முதலில் கேள்விகளோடு ஆலோசனை அறிக்கை. வந்த கருத்துகள், எந்த நிறுவனம் என்ன சொன்னது என்ற விவரத்தோடு, இணையதளத்தில். பிறகு எதிர்க்கருத்துக்கு அவகாசம், திறந்த விவாதக் கூட்டம். இறுதி விதியோடு, ஏன் இந்த முடிவு என்ற விளக்கக் குறிப்பு. 2016 பிப்ரவரி 8-ம் தேதி, டேட்டாவுக்குப் பாரபட்சமான கட்டணம் கூடாது என்ற விதி வந்தபோது, எந்தத் தரப்பு எந்த வாதத்தை வைத்தது, எது ஏற்கப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது.

பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் டிராய்தான் உதாரணம். கால் டிராப் ஆனால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் வரை, இழப்பீடு தர வேண்டும் என்று 2015 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. மக்களுக்குச் சாதகமான விதி. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2016 மே 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கான காரணங்களில் ஒன்று, நிறுவனங்கள் வைத்த வாதங்களுக்கு விளக்கக் குறிப்பில் முறையான பதில் இல்லை, வெளிப்படைத்தன்மை போதவில்லை என்பது. வாடிக்கையாளர் கைக்கு வர வேண்டிய ஒரு ரூபாய் அதோடு போனது. அந்தத் தீர்ப்பிலேயே, அமெரிக்காவில் 1946 முதல் உள்ளது போல, கருத்துக் கேட்பதையும் காரணம் சொல்வதையும் எல்லா அமைப்புகளுக்கும் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் கொண்டுவரலாம் என்று நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதினார். பத்தாண்டு ஆகப்போகிறது. சட்டம் வரவில்லை.

அமைப்புகள் தாமாகச் சில அடிகள் வைத்திருக்கின்றன. நகைக்கடன் வரைவின் அவகாசம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2025 மே 7-ம் தேதி, ரிசர்வ் வங்கி விதிகளை உருவாக்குவதற்கான ஒரு நடைமுறையை வெளியிட்டது. வரைவோடு நோக்கத்தை விளக்கும் குறிப்பு, குறைந்தது 21 நாள் அவகாசம், வந்த கருத்துகளுக்குப் பொதுவான பதில் அறிக்கை. அவசரம் என்றால் விலக்கு உண்டு. தனித்தனியாகப் பதில் இல்லை என்றாலும், ‘இதைக் கேட்டோம், இதனால் ஏற்கவில்லை’ என்று எழுத வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. அமைச்சகங்களுக்கு அந்தக் கட்டாயம் இன்னும் இல்லை.

உங்களால் என்ன செய்ய முடியும்?

முதலில், ‘புதிய விதி’ என்று ஃபார்வர்டு வந்தால் ஆவணத்தின் தலைப்பில் ‘டிராஃப்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இன்னும் அமலுக்கு வரவில்லை. கடைசித் தேதி கீழேயே இருக்கும். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் ‘கனெக்ட் 2 ரெகுலேட்’ என்ற பகுதியில் திறந்திருக்கும் வரைவுகள் வரிசையாக இருக்கும். மத்திய அமைச்சகங்கள் பலவும் மைகவ் தளத்தில் கேட்கின்றன. தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

எழுதும்போது ‘இந்த விதி வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல், எந்த உட்பிரிவு, அது யாரை எப்படிப் பாதிக்கும், பதிலாக என்ன வார்த்தை போடலாம் என்று எழுதினால், பின்னால் நீதிமன்றம் போனால்கூட அது பேசும். அனுப்பியதன் நகலைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதி விதி வந்த பிறகு, ரூ.10 கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-வது பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. முன்பு இருந்த நிபந்தனைகள் போய், ‘தனிநபர் தொடர்பான தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கியிருக்கிறது. மற்ற பல பிரிவுகளுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அவகாசம் தந்த அரசு, இதை 2025 நவம்பரில் உடனே அமலாக்கியது. அதனால் யார் கருத்து சொன்னார்கள் என்று பெயர்ப் பட்டியல் கேட்டால் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். கருத்துகளின் சுருக்கக் குறிப்பு, வரைவுக்கும் இறுதி விதிக்கும் இடையே செய்த மாற்றங்களுக்கான கோப்புக் குறிப்பு, 4(1)(டி)-யின்படி முடிவுக்கான காரணம் என்று கேட்பது நல்லது. மறுத்தாலும், பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்ற 8(2)-வது பிரிவு இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைச் சொல்லலாம்.

நகைக்கடன் பற்றி இன்னும் குழப்பத்தில் இருப்பவர்களுக்கு: ஜூன் 6 உத்தரவை வங்கிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதுதான் கெடு. உங்கள் வங்கி அதற்கு மாறுவதற்கு முன் வாங்கிய கடனுக்குப் பழைய விதிகளே பொருந்தும்.